லாவண்டரும் கத்தரியும்

இங்கிலாந்தின் வீட்டுத் தோட்டங்களில் லாவண்டர் பெரும்பாலும் கவனிப்பில்லாமல் சாவதில்லை. அளவுக்கு மீறிய பிரியத்தால் சாகிறது. ‘ஆங்கில லாவண்டர்’ என்று பெயரிருந்தாலும் அதன் தாய்மண் மத்தியதரைக் கடல் பக்கத்து மலைகள். தெற்குப் பிரான்சின் ப்ரோவான்ஸ் மலைச்சரிவுகளில், சத்தில்லாத சுண்ணாம்புச் சரளையில் அது தானாகவே வளர்கிறது. இலையைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள்: குறுகலாக, ஓரம் பின்பக்கம் சுருண்டு, சாம்பல் நிறத்தில் மெல்லிய ரோமம் பூத்திருக்கும். ஈரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கத் தெரிந்த இலை அது. அதற்குத் தொழுவுரமும் தினசரித் தண்ணீரும் கொடுத்தால் தண்டு தளதளவென்று ஓடிச் சாயும், பூ குறையும், கடைசியில் வேர் அழுகும்.

அப்படியானால் மழைக்குப் பேர்போன இங்கிலாந்தில் எப்படிப் பிழைக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெய்கிற மழை அதற்குப் பகையல்ல, தேங்குகிற நீர்தான் பகை. உறைபனியைக்கூடத் தாங்கிவிடும், குளிர்காலம் முழுக்க வேரடியில் சொதசொதப்பு இருந்தால் தாங்காது. களிமண் தோட்டக்காரர்கள் மேடு கட்டிச் சரளை கலந்து நடுவது அதனால்தான். நட்ட முதல் கோடையிலும், தொட்டியில் வளர்க்கும்போதும் தண்ணீர் வேண்டும் என்பது உண்மையே. வேர் மண்ணைப் பிடிக்கும்வரை எந்தச் செடியும் குழந்தைதான்.

தண்ணீரைக் குறைத்தால் போதுமா? போதாது, கத்தரியும் வேண்டும். லாரன்ஸ் ஜான்ஸ்டன் என்பவர் 1907 முதல் க்ளாஸ்டர்ஷயரில் உருவாக்கிய தோட்டத்தின் பெயர் தாங்கிய ‘ஹிட்கோட்’ குட்டையான ரகம். அதுவும் வெட்டாமல் விட்டால் நடுவில் பிளந்து கட்டையாகிவிடும். தேனீ மொய்க்கும் செடியை வெட்டலாமா என்று மனம் தயங்கும். பூ வாடும்வரை காத்திருங்கள், தேனீக்கும் குறைவிராது. ஆனால் ஆகஸ்டைத் தாண்டி அதிகம் தள்ளிப்போட வேண்டாம். புதுத்துளிர் பனிக்கு முன் முற்ற வேண்டும். கிளையை விரலால் விலக்கினால் மேலே பச்சை, கீழே இலையற்ற பழுப்புக் கட்டை தெரியும். பூக்காம்போடு பச்சையில் 2 அல்லது 3 செ.மீ. வெட்டுங்கள், பழுப்பைத் தொடாதீர்கள். அங்கே வெட்டினால் பெரும்பாலும் துளிர்க்காது. ஏற்கெனவே கட்டையாகிப்போன செடியிலிருந்து பூக்காத இளங்குச்சி 10 செ.மீ. ஒடித்து, கீழிலைகளை உருவி, மணல் கலந்த மண்ணில் ஊன்றுங்கள். அது வேர் பிடித்ததும் பழைய செடியைப் பிடுங்கிவிடலாம்.