நாளைக்கு என்ன பீரியட்?

(ஆசிரியர் தினத்தை ஒட்டி நம் கிளப் ஹவுஸில் நடந்த சங்கக் கூட்டத்தில், சி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை பேசியதன் எழுத்து வடிவம்.)



"ஆசிரியர் தினத்துக்குப் பத்து நிமிஷம் ஏதாவது பேசுங்க மேடம்" என்று தலைவர் கேட்டார். டாக்டர் ராதாகிருஷ்ணனைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அதனால் நான் ஒரு புத்தகப் பையைப் பற்றிப் பேசுகிறேன்.

போன வருஷம் ஜூலை மாதம், லிஃப்டில் ஒரு சிறுமி என்னோடு ஏறினாள். அவள் அம்மா நம் குடியிருப்பில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். பள்ளி விட்டதும் அம்மா இருக்கும் வீட்டுக்கு வந்து, வாசலில் உட்கார்ந்து காத்திருப்பாள். பை தோளை அழுத்துகிறதே என்று வாங்கிப் பார்த்தேன். ஒரு கையால் என்னால் தூக்க முடியவில்லை. வீட்டுக்குக் கூட்டிப் போய் எடை மெஷினில் வைத்தேன். ஆறு கிலோ நானூறு கிராம். அவளையும் ஏறி நிற்கச் சொன்னேன். இருபத்து நாலு கிலோ. குழந்தையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்கக் கூடாது என்று மத்திய கல்வி அமைச்சகத்தின் 2020ஆம் வருடப் பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. அப்படிப் பார்த்தால் நாலு கிலோ அதிகம்.

"டைம் டேபிள் பார்த்து எடுத்து வைக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போனா திட்டு வாங்க மாட்டேன் மிஸ்" என்றாள்.

மூன்றாம் வகுப்பு வரை ஊரில் தமிழ் வழியில் படித்த பெண் அவள். வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தியாம். நகையை வைத்துப் பணம் கட்டி, நாலாம் வகுப்பில் இங்கே ஒரு ஆங்கில வழிப் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். டைரியில் ஒட்டியிருந்த டைம் டேபிளைக் காட்டினாள். ஈ.வி.எஸ்., ஜி.கே., சி.எஸ். என்று கட்டத்துக்குக் கட்டம் சுருக்கெழுத்துகள். போதாததற்கு அந்தப் பள்ளியில் டே ஆர்டர் முறை. திங்கள், செவ்வாய் என்று கிழமை கிடையாது. டே ஒன், டே டூ என்றுதான் கணக்கு. நடுவில் ஒரு நாள் விடுமுறை வந்தால் வரிசை ஒரு நாள் தள்ளிப் போகும். வகுப்பு முடியும்போது டீச்சர் ஆங்கிலத்தில் ஒருமுறை சொல்வார். அது இவளுக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் இருப்பவளைக் கேட்டால் பேசியதற்குத் திட்டு. டீச்சரைக் கேட்கலாம் என்றால் ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். அதனால் எல்லாப் புத்தகத்தையும் சுமந்தாள்.

முப்பத்தொரு வருஷம் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவள் நான். இது இரண்டு நாள் வேலை என்று நினைத்தேன். பாடங்களின் பெயர்களை வரிசையாக எழுதி, பத்து முறை சொல்ல வைத்து, எழுத வைத்தேன். ஒரு தப்பும் இல்லாமல் சொன்னாள். அடுத்த வாரமும் பை ஆறு கிலோதான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேத்ஸ், சயின்ஸ், இங்கிலீஷ், டெஸ்ட், பீரியட் எல்லாம் தமிழ்ப் பேச்சிலேயே கலந்துவிட்ட வார்த்தைகள். அவை அவளுக்கு ஏற்கெனவே தெரியும். இல்லாதது அவற்றைக் கோர்க்கும் வாக்கியம். குறிப்பாக, கேள்வி கேட்கும் வாக்கியம். இத்தனை வருஷம் நான் பிள்ளைகளைப் பதில் சொல்லத்தான் பழக்கியிருக்கிறேன். கேட்கப் பழக்கவில்லை.

முறையை மாற்றினேன். அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உதவும்.

முதலில், பாடப்புத்தகத்தில் இருக்கும் டைம் டேபிளை மூடி வைத்துவிட்டேன். அவளுடைய டைரியில் இருப்பதையே எடுத்துக்கொண்டோம். நாளைக்குக் காலையில் தேவைப்படும் விஷயம் என்றால் பிள்ளைக்குத் தானாகக் கவனம் வரும்.

அடுத்தது, 'ஹேவ்' என்ற ஒரே சொல். தமிழில் "எங்களுக்குக் கணக்கு இருக்கு" என்கிறோம். அதை அப்படியே மாற்றி "ஃபார் அஸ் மேத்ஸ் இஸ் தேர்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். தப்பு என்று தலையில் குட்ட வேண்டாம். அவர்கள் தமிழை ஒழுங்காக யோசித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். "ஓ, வீ ஹேவ் மேத்ஸ்" என்று நாம் சரியாகத் திருப்பிச் சொன்னால் போதும். நாலைந்து முறை காதில் விழுந்தால் பிடித்துக்கொள்வார்கள்.

மூன்றாவது, ஆன், அட், இன். தமிழில் "திங்கட்கிழமை" என்று மட்டும் சொன்னாலே போதும், ஒட்டு எதுவும் வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் கிழமைக்கு ஆன், மணிக்கு அட், காலை மாலைக்கு இன். விதியாகச் சொன்னால் மறந்துவிடுகிறது. ஆகவே "ஆன் மண்டே", "அட் நைன் தேர்ட்டி", "இன் த மார்னிங்" என்று ஒரே சொல்லைப் போலச் சேர்த்தே சொல்லிப் பழக்கினேன். மேத்ஸ் என்று 'ஸ்' வந்தாலும் அது ஒருமைதான், "மேத்ஸ் இஸ்" என்பதையும் அப்படியே பழக்கினேன். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் பிள்ளைகள் குழம்புவார்கள். ட்யூஸ்டே, தர்ஸ்டே இரண்டையும் ஒரே நாளில் கற்றுத்தராமல் ஒரு வாரம் இடைவெளி விட்டேன்.

நாலாவதுதான் முக்கியம். அதற்குள் நம் செக்யூரிட்டி ஒருவரின் மகனும், அயர்ன் வண்டிக்காரரின் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்துவிட்டார்கள். ஒரே டைம் டேபிளை இரண்டு தாளில் எழுதி, ஒவ்வொன்றிலும் வேறு வேறு கட்டங்களைக் காலியாக விட்டேன். ஆளுக்கு ஒரு தாள். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. "வாட் டு யூ ஹேவ் ஆஃப்டர் லன்ச்?" என்று கேட்டுத்தான் நிரப்ப வேண்டும். ஒருவருக்குத் தெரியாதது மற்றவரிடம் இருக்கிறது. கேட்காவிட்டால் கட்டம் நிரம்பாது. அன்றைக்குத்தான் அந்தப் பெண் என்னிடம் அனுமதி கேட்காமல் ஆங்கிலத்தில் வாய் திறந்தாள். பையனுக்குத் தப்பாக எழுதத் தெரிந்ததே தவிர சொல்லத் தெரியவில்லை என்று சண்டையும் போட்டாள். சண்டை தமிழில்தான்.

கடைசியாக, 'பிகாஸ்'. எந்தப் பாடம் பிடிக்கும், ஏன் பிடிக்கும்? "ஐ லைக் பி.டி. பிகாஸ் நோ ஹோம்வொர்க்" என்றான் ஒருவன். இலக்கணம் முழுசாக இல்லை. ஆனால் காரணம் முழுசாக இருந்தது.

செப்டம்பர் மாதம் அந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். வகுப்பு முடிந்ததும் டீச்சரிடம் போய், "எக்ஸ்கியூஸ் மீ மிஸ், வாட் இஸ் டுமாரோஸ் டே ஆர்டர்?" என்று கேட்க வேண்டும். மூன்று நாள் கேட்காமல் வந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் நாள் என் வீட்டு பெல்லை அடித்து, "டே ஃபோர் மிஸ்! டே ஃபோர்!" என்றாள். பையை வைத்துப் பார்த்தோம். மூன்று கிலோ தொள்ளாயிரம். இன்னமும் அதிகம்தான். ஆனால் மீதி எடைக்குப் பொறுப்பு பள்ளி, அவள் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய், வியாழன் மாலை ஆறரை முதல் ஏழரை வரை இந்த ஹாலில் பதினொரு பிள்ளைகள் படிக்கிறார்கள். இது குடியிருப்போர் மெயின்டனன்ஸ் கட்டும் இடம், வெளிப்பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுக்கலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் சிலர் கேட்டிருக்கிறார்கள். அடுத்த செயற்குழுவில் முடிவெடுக்கப் போகிறார்கள். கேட்டவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நாற்காலிகள் இழுபடுகின்றன, சத்தம் வருகிறது, ஒரு நாள் விளக்கை அணைக்காமல் போய்விட்டோம். அதெல்லாம் உண்மை. இனி ஹாலைப் பூட்டிச் சாவியை நானே ஆபீஸில் ஒப்படைக்கிறேன். சத்தத்துக்கு மட்டும் உத்தரவாதம் தர முடியாது. பேசக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் பேசத்தான் செய்வார்கள்.

ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். இந்தப் பிள்ளைகளின் அம்மா அப்பா நம் வீட்டில், நம் வாசலில் இருக்கும் நேரம்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய நேரம். அந்த நேரத்தை நாம் சம்பளம் கொடுத்து வாங்கிக்கொள்கிறோம்.

எனக்கு எழுபது நெருங்குகிறது. வாரம் ஒரு மணி நேரம் வந்து உட்கார நாலு பேர் வேண்டும். ஆங்கிலப் பட்டம் வேண்டாம், பொறுமையாகக் கேட்கும் காது இருந்தால் போதும். வர முடியாதவர்கள், லிஃப்டில் இந்தப் பிள்ளைகளைப் பார்த்தால், "வாட் டு யூ ஹேவ் டுமாரோ?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரம் ஆகும். உங்கள் மாடி வந்துவிட்டாலும் கதவைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.