ஒழுங்கையின் வீடுகள்



சாவகச்சேரியில் நான் பிறந்த ஒழுங்கையில் எங்கள் குடும்பத்துக்கு மூன்று வீடுகள் இருந்தன: பூட்டியின் மண்வீடு, அம்மம்மாவின் நாற்சார் வீடு, அம்மாவின் சீமெந்து வீடு. அம்மப்பாவின் வீடென்றோ அப்பாவின் வீடென்றோ அங்கே எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

யாழ்ப்பாணத்தில் வீடு பெரும்பாலும் பெண்வழியே இறங்கியது. தாயின் சீதனத்திலிருந்து மகளுக்குச் சீதனம் என்னும் வழக்கம், ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமையிலேயே பதிவாகியிருக்கிறது. மகளுக்குக் கலியாணம் பேசினால் வளவில் ஒரு துண்டு பிரியும். புதுக் கிடுகுவேலி எழும். புதுப் படலை திறக்கும். ஆண்பிள்ளை உழைத்துச் சகோதரிக்கு வீடு கட்டுவான். பிறகு மனைவியின் ஊருக்குப் போய்விடுவான். இல்லாள் என்றால் இல்லத்துக்கு உரியவள், இல்லான் என்றால் ஒன்றும் இல்லாதவன் என்று வகுப்பிலே வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மாணவர்கள் சிரிப்பார்கள். நானும் அப்படி ஓர் இல்லான்தான்.

அந்த மூன்றில் நாற்சார் வீடே என் மனத்துக்கு நெருக்கமானது. நடுமுற்றத்தில் மழை நேராக இறங்கும். ஓட்டு விளிம்பின் கீழே கிடாரம் வைப்பது என் வேலை. நிரம்பும் ஓசை மாறுவதைக் கேட்டு, "இனிக் காணும்" என்பார் அம்மம்மா, அடுப்படியில் இருந்தபடியே.

2000ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி பெரிதும் அழிந்தது. நாங்கள் கரவெட்டிக்கு ஓடியபோது, அம்மா நகைக்கு முன்னர் எடுத்தது உறுதிகள் இருந்த தகரப் பெட்டியை. 2002இல் திரும்பினோம். மண்வீடு இருந்த இடம் தெரியவில்லை. நாற்சார் வீட்டில் முற்றம் மட்டும் முற்றமாகவே இருந்தது, சுற்றிவர ஒன்றுமில்லை. அம்மாவின் வீட்டுக்குச் சுவர்கள் எஞ்சின. அதைத்தான் திருத்திக் கூரை போட்டோம்.

அந்த வீடு அக்காவின் சீதனம். அவர் கனடாவில் இருக்கிறார், இரண்டும் ஆண்பிள்ளைகள். போன தைப்பொங்கலன்று தொலைபேசியில், "தம்பி, வீட்டை உன்ரை பேரிலை எழுதிவிடுறன்" என்றார். எனக்கு உள்ளூர ஆசைதான், மறைப்பானேன்? கேட்டுக்கொண்டிருந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"அது பெட்டையளின்ரை வீடெல்லே மோனை. உன்ரை மகளின்ரை பேரிலை எழுதச் சொல்லு."

மகளுக்குப் பன்னிரண்டு வயது. இந்த முறை அவளை அங்கே கூட்டிப்போனேன். மழைநாள். பழைய முற்றத்தில் நின்று, "அப்பா, இந்த இடம் ஏன் சதுரமாய் இருக்கு?" என்று கேட்டாள். தகரப் பெட்டி இன்னும் அம்மாவின் கட்டிலுக்குக் கீழேதான் இருக்கிறது.