மண் முகூர்த்தம் பார்க்காது

(வாசகசாலைக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது புராணமுமல்ல, சாஸ்திரமுமல்ல, வெறும் சேறு. சேற்றைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் நகரத்துக்கடியில் தோண்டும்போது சேற்றின் பக்குவம் தப்பினால் மேலே ரோட்டில் போகிறவன் கீழே போய்விடுவான் என்பது தெரிந்தால் சிரிப்பு வராது. 2017-ம் வருஷம் ஏப்ரல் 9-ந் தேதி சென்னை அண்ணாசாலையில் ரோடு உள்வாங்கி ஒரு பஸ்ஸும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கியதை உங்களில் பலர் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். அங்கே அடியில் மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் வெட்டி வந்தார்கள்.

லண்டனில் தேம்ஸ் நதிக்கடியில் 1825-ல் புரூனல் என்பவர் இரும்புச் சட்டத்துக்குள் ஆட்களை நிறுத்திச் சுரங்கம் வெட்ட ஆரம்பித்தார். 1828 ஜனவரியில் நதி உள்ளே புகுந்து 6 பேரைக் கொன்றது. வேலை முடியும்போது 1843 ஆகிவிட்டது. இப்பொழுது ஆளுக்குப் பதில் யந்திரம் வெட்டுகிறது. 1970-களில் ஜப்பானில் உருவான ஒரு வகை யந்திரத்தில், வட்டமான தலை சுழன்று மண்ணைச் சுரண்ட, அந்த மண் பின்னாலுள்ள ஓர் அறையில் நிறைகிறது. அப்படி நிறைந்த மண்தான், எதிரே வெட்டாமல் நிற்கும் மண் சரியாதபடி முட்டுக்கொடுக்கிறது. ஒரு பெரிய திருகு அதைக் கணக்காய் வெளியே எடுக்கிறது.

இங்கேதான் சேற்றின் பெருமை இருக்கிறது. மண் கெட்டியாயிருந்தால் தலையில் அப்பிக்கொண்டு யந்திரம் திணறும். தண்ணீராயிருந்தால் திருகு வழியாகப் பீறிட்டு ஓடும்; அறையில் அழுத்தம் போய்விடும்; மேலே தரை இறங்கும். ஆகவே தண்ணீரும், சோப்பைப் போன்ற மருந்தும், காற்றும் சேர்த்து நுரையாக்கி மண்ணில் கலந்து, தோசை மாவுக்கும் களிக்கும் நடுவிலான ஒரு பக்குவத்துக்குக் கொண்டுவருகிறார்கள்.

பக்குவம் வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பஞ்சாங்கத்தைப் பார்த்தா? இல்லை. கான்கிரீட் வேலைக்காரர்கள் வைத்திருக்கும் அதே தகரக் கூம்புதான். உயரம் 30 சென்டிமீட்டர், அடிவாய் 20, மேல்வாய் 10. கலந்த மண்ணை அதில் நிரப்பிக் குத்தி, கூம்பை நேராக மேலே தூக்கிவிட வேண்டும். மண் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். பெரும்பாலும் 10 முதல் 20 சென்டிமீட்டர் வரை இறங்கினால், நீர் கசியாமல் ஒரே சீராய் இருந்தால், நல்லது. இறங்காவிட்டால் நுரையைக் கூட்டு. பரந்து ஓடினால் கலவையை மாற்று. இவ்வளவுதான்!

தோழர்களே! யந்திரத்தைக் கீழே இறக்குமுன் தேங்காய் உடைத்து எலுமிச்சம்பழம் நசுக்குவது நம் நாட்டு வழக்கம். ஐரோப்பாவிலோ சுரங்க வாசலில் பார்பரா என்ற புனிதவதியின் சிலையை வைக்கிறார்கள். இந்த விஷயத்தில் எந்த மதமும் எந்த மதத்துக்கும் இளைத்ததல்ல. நாம் கேட்பது ஒரே கேள்வி. எந்தத் தேங்காயாவது "இன்று வெட்டாதே, மண் சரியில்லை" என்று சொன்னதுண்டா? அந்தக் கூம்பு சொல்லும். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்ததுதான் சோதனை. எப்பொழுதும் "சுபம்" என்றே சொல்லுகிறது சோதனையல்ல, தட்சணைக்கு ரசீது.

கூம்பும் முழு உண்மையைச் சொல்லிவிடுவதில்லை. திறந்த வெளியில் அளக்கிற மண், பூமிக்கடியில் அழுத்தத்தில் வேறு விதமாய் நடந்துகொள்ளலாம். இதை விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டு, அழுத்தமுள்ள பாத்திரத்திலும் சிறு திருகு வைத்தும் மண்ணைச் சோதிக்கிறார்கள். தன் குறையைத் தானே வெளியிட்டுத் திருத்திக்கொண்ட ஒரு சாஸ்திரத்தை நமக்குக் காட்டுவார்களா?

இன்னொன்று. மண்ணைத் தொடுகிறவன் தாழ்ந்தவன், தொடாதவன் உயர்ந்தவன் என்று ஆயிரக்கணக்கான வருஷமாய்ச் சொல்லிவந்த நாடு இது. குயவனும், செங்கல் அறுப்பவனும், கிணறு வெட்டுகிறவனும் விரல் நுனியில் வைத்திருந்த அறிவை அறிவென்றே யாரும் எழுதிவைக்கவில்லை. இன்று கோடிக்கணக்கான ரூபாய் யந்திரம், சேற்றைக் கையில் எடுத்துப் பார்ப்பவன் சொல்லுக்காகக் காத்து நிற்கிறது. உள்ளே வேலை செய்யும் தொழிலாளியின் உயிரும், மேலே போகும் உங்கள் உயிரும் அவன் அளவை நம்பித்தான் இருக்கின்றன.

ஆகையால் தோழர்களே! உங்கள் வீட்டில் நாள், நட்சத்திரம், ஜாதகம், ஜாதி என்று எது வந்தாலும் அதையும் இந்தக் கூம்பில் போட்டுத் தூக்கிப் பாருங்கள். நின்றால் வைத்துக்கொள்ளுங்கள், நீராய் ஓடினால் வெளியே கொட்டுங்கள். நாம் சொன்னோம் என்பதற்காக அல்ல. நீங்களே அளந்து பார்த்து முடிவுக்கு வாருங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறோம்.