கையறுநிலையும் மேனிலைத் தேர்வும்



முட்டைக்கும் லாரித் தொழிலுக்கும் பெயர்பெற்ற நாமக்கல், மேனிலைத் தேர்வு மதிப்பெண்களுக்கும் பெயர்பெற்ற ஊர். வெளி மாவட்டப் பிள்ளைகள் இங்குள்ள விடுதிகளில் ஈராண்டுகள் தங்கிப் படிக்கின்றனர். மதிப்பெண்ணைப் பழிப்பது எளிது. எளிய பெற்றோர்க்கு அதுவே பிள்ளை கல்லூரி புகும் வாயில். ஆயினும் ஆங்கிலக் கவிதைக்கு வழிகாட்டி நூலின் சுருக்கத்தை உருப்போட்டால் மதிப்பெண் வரும், கவிதை வாராது.

2019இல் வெளிவந்த பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் தோரு தத் பாடிய சவுக்கு மரக் கவிதை இடம்பெற்றது. 1865இல் தமையனையும் 1874இல் தமக்கையையும் இழந்த அவர், 1877இல் தம் 21ஆம் வயதில் மறைந்தார். மரநிழலில் உடன் விளையாடியோரை எண்ணியே அம்மரத்தைப் போற்றுகிறார். சுருக்கவுரை இதனை ‘இளமை நினைவு’ என்று இரு சொல்லில் முடித்துவிடுகிறது.

நமக்கு இது புதிதன்று. தகடூர் அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடியதும் கையறுநிலையே. தமிழ்ப் பாடத்தில் அதைக் கற்கும் மாணவர்க்கு இதுவும் விளங்கும். மோனை, இயைபு அறிந்த செவிக்கு ஆங்கில அடியின் ஓசையும் எட்டும். உடன்பிறந்தாரைப் பிரிந்து விடுதியில் வாழும் பிள்ளைக்குப் பிரிவை விளக்கவும் வேண்டுமோ?

ஆதலின் ஒன்று வேண்டுகிறேன். நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் அருகிலுள்ள பள்ளிக்கு ஆண்டில் ஒரு நாள் செல்வோம். வழிகாட்டி நூலைத் திறக்குமுன் கவிதையை இருமுறை உரக்கப் படித்துக் காட்டுவோம். பிறகு விடையை அவர்களே தம் சொல்லில் எழுதட்டும்.