வேலை வரட்டும் என்று காத்திருப்பதா? கேட்டு வாங்குவதா?

(கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சேமிப்பு, சுழல்நிதி, வங்கிக் கடன் என்று பேசுவோம். இன்னைக்கு அதுக்கெல்லாம் முன்னாடி வர்ற ஒன்றைப் பற்றிப் பேசலாம். அதுதான் வேலை. கையில் கூலி வந்தால்தானே சேமிப்பு? வேலை இல்லாத மாதத்தில்தான் தோடு அடகுக் கடைக்குப் போகுது, கந்து வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்கிறார்.

நிலம் இல்லாத குடும்பத்துக்கு உழைப்பு ஒண்ணுதான் சொத்து. அந்தச் சொத்து விலை போகாத நாளெல்லாம் வறுமைதான். இதை நமக்கு முன்பே உணர்ந்தது மகாராஷ்டிர மாநிலம். 1972-ல் அங்கே கடும் பஞ்சம் வந்தபோது, சோற்றுக்கு வழியில்லாதவர்களுக்கு அரசு வேலை கொடுத்தது. குளம் வெட்டினார்கள், சாலை போட்டார்கள். பிறகு 1977-ல் அதையே சட்டமாக்கினார்கள். பட்டணத்தில் சம்பளம் வாங்குகிறவர்களிடம் தொழில் வரி வாங்கி அந்தச் செலவுக்குக் கொடுத்தார்கள்.

2005-ல் நாடு முழுவதற்கும் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் வந்தது. நாம் சொல்கிற '100 நாள் வேலை' அதுதான். 2006 பிப்ரவரி 2-ல் 200 மாவட்டங்களில் தொடங்கினார்கள். நம் மாநிலத்தில் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை என 6 மாவட்டங்கள். 2008-ல் எல்லா ஊரக மாவட்டங்களுக்கும் வந்தது.

அன்று நம் மாநிலத்தில் நாள் கூலி 80 ரூபாய். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. வயலில் ஆணுக்கு ஒரு கூலி, நமக்குப் பாதிக் கூலி என்று பழகியிருந்த நமக்கு அது பெரிய விஷயம். பின்னாளில் பணம் நம்ம பேரிலுள்ள கணக்குக்கே வந்தது. தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் போனவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள்தான். 2025-26-ல் கூலி 336 ரூபாயாக இருந்தது. 100 நாளும் முழுக் கூலி கிடைத்தால் 33,600 ரூபாய். ஆனால் நாடு முழுவதும் சராசரியாகக் கிடைத்தது அதில் பாதி, அதாவது 50 நாள் அளவுதான்.

ஏன் பாதி? நிதி குறைவு ஒரு காரணம். இன்னொரு காரணம் நம்மகிட்டேயும் இருக்கு.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு ஊருக்குக் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். அறுப்பு முடிஞ்சு ரெண்டு மாசமா வேலை இல்லை. பாதிப் பேர் சந்தா கட்டவில்லை. "வேலை கேட்டீங்களா?" என்றோம். "வேலை வந்தா அவங்களே கூப்பிடுவாங்க மேடம்" என்றார் ஒரு அக்கா.

உடனே 14 குடும்பத்துக்கு, குடும்பத்துக்கு 30 நாள் வேலை கேட்டு மனு எழுதிக் கொடுத்தோம். 15 நாளில் வேலை தரணும், தராவிட்டால் வேலையில்லாப் படி தரணும் என்பது சட்டம். முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கு, அதற்கு மேல் பாதி. ஒன்றரை மாதம் ஆகியும் வேலை வரவில்லை. படி கேட்கப் போனோம். "மனுவா? எப்போ கொடுத்தீங்க?" என்று கேட்டார்கள். எங்களிடம் ரசீது இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஆளுக்கு ஏழரை நாள் கூலி. 14 பேருக்கு 105 நாள் கூலி. ஒரு துண்டுச் சீட்டு வாங்காததால் அத்தனையும் போச்சு. சமூகப்பணி படித்த நாங்களே செய்த தவறு இது. அந்த அக்காமார்கள் எங்களைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் வலிக்குது.

அடுத்த வருஷம் அதே குழு தீர்மானம் போட்டு, எல்லோரும் சேர்ந்து போய், தேதி போட்ட ரசீது கையில் வாங்கின பிறகுதான் வீடு திரும்பினார்கள். பத்தாம் நாள் ஏரி வரத்துக்கால் தூர்வாரும் வேலை தொடங்கியது.

சகோதரிகளே, 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அதில் ஆண்டுக்கு 125 நாள் என்று இருக்கிறது. முன்பு கூலிச் செலவு முழுவதும் மத்திய அரசுடையது. புதிய சட்டத்தில் செலவை மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று பெரும்பாலான மாநிலங்களுக்குப் பிரித்திருக்கிறார்கள். விதைப்பு, அறுவடைக் காலத்தில் 60 நாள் வரை இந்த வேலையை நிறுத்தி வைக்கவும் இடம் இருக்கிறது. அறுப்பு மிஷின் வந்துவிட்ட ஊரில் அந்த 60 நாள் நமக்கு என்ன வேலை? இந்தக் கேள்வியை நாமதான் கிராம சபையில் எழுப்பணும். ஆனால் 15 நாளில் வேலை, இல்லாவிட்டால் படி என்பது புதிய சட்டத்திலும் உண்டு. சட்டத்தின் பேர் மாறினாலும் ரசீது வாங்குகிற பழக்கம் மாறக் கூடாது.

ஒவ்வொரு குழுவும் செய்ய வேண்டியவை:

1. அடுத்த கூட்டத்தில் எல்லா உறுப்பினர்களின் வேலை அட்டையையும் எடுத்து வரச் சொல்லுங்கள். வேலை செய்த நாளும் அட்டையில் பதிந்த நாளும் ஒன்றா என்று பாருங்கள்.

2. வேலையை எழுத்தில் கேளுங்கள். எத்தனை நாள், எந்தத் தேதியிலிருந்து என்று எழுதுங்கள். தேதி போட்ட ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள்.

3. ரசீது தேதியைத் தீர்மான நோட்டில் எழுதி, 15-ம் நாளை வட்டமிடுங்கள்.

4. கிராம சபைக்குத் தனியாகப் போகாதீர்கள், குழுவாகப் போங்கள். சமூகத் தணிக்கை நடக்கும்போது வேலைக்கே வராதவர் பெயர் வாசிக்கப்பட்டால் எழுந்து சொல்லுங்கள்.

5. எழுதத் தெரியாத சகோதரிக்கு எழுதத் தெரிந்தவர் மனு எழுதிக் கொடுங்கள். நம் குழுவில் இல்லாத, வயதான, கணவரை இழந்த பெண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டெல்லியில் எழுதிய சட்டம் நம் வீட்டு அடுப்பு வரை வர வேண்டுமானால், நடுவில் அந்தச் சின்ன ரசீது இருக்கணும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது எத்தனை குழுக்கள் ரசீதோடு வந்திருக்கீங்க என்றுதான் முதலில் கேட்போம்.