பிட்டர் என்று யார் எழுதித் தருவார்?

(மும்பை தாராவியில் நடந்த மாதக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற பிட்டர் தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



வெளிநாட்டு வேலைக்கு வைக்கிற தொழிற் சோதனையைப் பற்றிப் பேச வேண்டும் என்பது எனக்கு இட்ட கட்டளை. மெக்கானிக்கல் பிட்டர் வேலையைத் தவிர வேறு எதுவும் அறியாதவன் நான். அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

1979-இல் நெல்லைச் சீமையிலிருந்து அன்றைய பம்பாய்க்கு வந்தேன். ஓர் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் மூத்த பிட்டர் ஒருவருக்குக் கையாள். அரம் பிடிக்கவும் அளவு பார்க்கவும் அவர்தான் கற்றுக் கொடுத்தார். 1982 ஜனவரியில் பஞ்சாலை வேலைநிறுத்தம் தொடங்கியது. அதில் வீதிக்கு வந்த ஆயிரமாயிரம் பேரில் நானும் ஒருவன். பிறகு தானாவுக்கு அப்பால் ஓர் இரசாயனத் தொழிற்சாலையில் காண்ட்ராக்டரிடம் ஆறு வருடம். பம்பைக் கழற்றுவதும், பேரிங் மாற்றுவதும், கிளாண்டுக்குப் பாக்கிங் போடுவதும், நடு இரவில் நின்றுபோன மெஷினை ஓட வைப்பதும் நான்தான்.

1989-இல் வளைகுடா வேலைக்கு ஆள் எடுத்தார்கள். சோதனைக் கூடத்தில் ஒரு பம்பையும் மோட்டாரையும் காட்டி, கப்ளிங்கை நேர் செய்யச் சொன்னார்கள். எனக்கு முன்னால் போனவர் எடுத்தவுடன் டயல் கேஜைக் கட்டினார். நான் முதலில் மோட்டாரின் நான்கு கால்களும் படுக்கையில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பீலர் கேஜ் விட்டுப் பார்த்தேன். ஒரு கால் தூக்கியிருந்தது. அதற்குத் தகடு வைத்த பிறகுதான் டயல் கேஜைத் தொட்டேன். கால் தூக்கியிருக்கிற மோட்டாரை எத்தனை முறை நேர் செய்தாலும், போல்ட்டை முறுக்கியதும் அது மறுபடி விலகிவிடும். கடைசியில் 5 நூறில் ஒரு பங்கு மில்லி மீட்டருக்குள் கொண்டுவந்து நிறுத்தினேன். “இந்த பேரிங்கை எப்படி ஏற்றுவாய்?” என்றார். எண்ணெய்த் தொட்டியில் 110 பாகை அளவுக்குச் சூடாக்கி ஏற்றுவேன், நெருப்பை நேராகக் காட்ட மாட்டேன் என்றேன். சோதித்தவர் முகம் மலர்ந்தது. என் தாள்களை வாங்கிப் பார்த்தார். மலர்ந்த முகம் சுருங்கியது.

காண்ட்ராக்டர் கொடுத்திருந்த ஒரே ஒரு கடிதத்தில் என் வேலை ‘ஹெல்பர்’ என்று இருந்தது. “வேலை உனக்கு நன்றாகத் தெரிகிறது. ஆனால் தாளில் நீ ஹெல்பர். ஹெல்பர் சம்பளத்துக்கு வருகிறாயா?” என்று கேட்டார். வீட்டில் இரண்டு குழந்தைகள். போனேன். மூன்று வருடம் அங்கே பிட்டர் வேலை பார்த்து ஹெல்பர் கூலி வாங்கினேன்.

அது பழங்கதை என்று தம்பிமார்கள் நினைக்கக் கூடாது. இன்று ஆஸ்திரேலியாவுக்கு பிட்டராகப் போக விரும்புகிறவரின் தகுதியை மதிப்பிடுவது டிரேட்ஸ் ரெகக்னிஷன் ஆஸ்திரேலியா என்ற அரசு அமைப்பு. அவர்கள் முதலில் கேட்பது தாளைத்தான். எந்த நிறுவனம், எத்தனை காலம், என்னென்ன வேலை செய்தாய், அதற்குச் சம்பளம் வாங்கிய ஆதாரம் எங்கே என்று பார்க்கிறார்கள். தொழில்நுட்ப நேர்முகமோ செய்முறையோ அதற்குப் பிறகுதான். சவுதி அரசு இப்போது நம் நாட்டிலேயே எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் வைக்கிறது. ஐ.டி.ஐ. படிக்காதவர், 3 ஆண்டு அனுபவம் இருந்தால் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற் தேர்வு எழுதி மத்திய அரசின் சான்றிதழ் வாங்க வழி உண்டு. வாய்ப்புள்ளவர்கள் அவசியம் எழுதுங்கள். ஆனால் அந்த அனுபவத்துக்கும் தாள் வேண்டுமே! எங்கே சுற்றினாலும் காண்ட்ராக்டர் வாசலில்தான் வந்து நிற்கிறோம்.

காண்ட்ராக்டர் ஏன் ஹெல்பர் என்று எழுதுகிறார்? மறதியாலா? பிட்டர் என்று எழுதினால் திறன் தொழிலாளிக்கு உரிய குறைந்தபட்சக் கூலியைக் கொடுக்க வேண்டும். இங்கே நம் கூலியில் பிடித்தது போதாதென்று, நாம் கடல் கடந்த பிறகும் அந்த ஒரு சொல் நம் கூலியைக் குறைக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் மத்திய விதிகளில், வேலை முடிந்து போகிறவனுக்கு காண்ட்ராக்டர் பணிச் சான்று கொடுத்தாக வேண்டும் என்று இருந்தது. நம்மில் எத்தனை பேர் அதைக் கண்ணால் கண்டோம்? 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழிற் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. செய்த வேலையின் விவரத்தோடு அனுபவச் சான்று தர வேண்டும் என்று அதிலும் இருக்கிறது. ஆனால் தொழிலாளி ‘கேட்டால்’ தர வேண்டுமாம். கேட்காமலே தர வேண்டியதைக் கேட்டால் தருவதாக மாற்றியது யாருக்கு வசதி என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

சரி, கேட்போம். ஒருவன் தனியாகப் போய்க் கேட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்பார்கள். ஒரே காண்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிற பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள். ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வந்த சான்றில் பம்பு, பேரிங், கப்ளிங் என்று வேலையின் பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘ஜெனரல் ஒர்க்’ என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்துத் திருத்தி வாங்குங்கள்.

இன்னொரு தொல்லை நம்மவர்களுக்கே உரியது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். பள்ளிச் சான்றிதழில் ‘மு. செல்வம்’, பாஸ்போர்ட்டில் ‘செல்வம் முத்தையா’, சம்பளச் சீட்டில் வெறும் ‘செல்வம்’, இங்கேயுள்ள கிளார்க் எழுதியதில் ‘செல்வன்’. நம் கண்ணுக்கு ஒரே ஆள். மதிப்பிடுகிறவர் கண்ணுக்கு நான்கு ஆள். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் முன்பே எல்லாவற்றையும் ஒன்றாக்கிக் கொள்ளுங்கள். ஐ.டி.ஐ. சான்றிதழில் பிழை இருந்தால் படித்த ஐ.டி.ஐ. வழியாகவே திருத்தக் கேளுங்கள்.

ஏஜெண்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சம் 30,000 ரூபாயும் அதன் மேல் வரியும்தான். சோதனையில் ‘பாஸ்’ போட்டுத் தருகிறேன் என்று தனியாகப் பணம் கேட்பவரை நம்பாதீர்கள். அந்தத் தாளோடு போனவன் அங்கே முதல் மெஷினைத் தொடும்போதே பிடிபடுவான்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் தாள்களைக் காப்பாற்றுவது நீங்கள்தான். என் ஆலைக் காலத்துச் சம்பளச் சீட்டுகளை, எழுதப் படிக்கத் தெரியாத என் தாயார் டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்திருந்தார். ஒரு மழைக்காலத்தில் குடிசைக்குள் தண்ணீர் புகுந்து அத்தனையும் போயிற்று. இன்று செல்போனில் படம் எடுத்து வைக்கலாம். மூலத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் வையுங்கள்.

வருகிற ஞாயிறு காலை 10 மணிக்கு நானும் இரண்டு தோழர்களும் இதே இடத்தில் உட்கார்ந்திருப்போம். மனு எழுதித் தருகிறோம். பழைய சீட்டு, கேட் பாஸ், வங்கிக் கணக்குப் புத்தகம், எது இருந்தாலும் உதவாது என்று நீங்களே முடிவு கட்டாமல் எடுத்து வாருங்கள்.