வேலை கொடுத்தா போதுமா? நிலைக்க விடணும்!

(கோவில்பட்டி தகவல் தொழில்நுட்ப அணிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம கரிசக்காட்டுல மானாவாரி பார்க்கிறவங்களைக் கேளுங்க. விதைச்சா மட்டும் வெள்ளாமை வீடு வந்து சேராது, முளைச்சதைக் காப்பாத்தணும்னு சொல்வாங்க. உயர்கல்வியில் இடஒதுக்கீடும் அப்படித்தான்.

தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போன அம்மாவோட பிள்ளை இன்னைக்கு பிஎச்.டி. முடிக்குது. அது பேராசிரியரா உள்ளே போறதுக்கே எத்தனை தடை?

2017-ல் அலகாபாத் உயர்நீதிமன்றம், ஆசிரியர் இடஒதுக்கீட்டுக்கு மொத்தப் பல்கலைக்கழகத்தையும் கணக்கில் எடுக்காம ஒவ்வொரு துறையையும் தனித்தனியா எடுக்கணும்னு தீர்ப்பு சொன்னது. 2018 மார்ச்சில் யுஜிசி அதையே உத்தரவாக்கியது. சுழற்சி முறையில் ஓபிசிக்கு 4-வது இடம், பட்டியல் சாதிக்கு 7-வது, பழங்குடிக்கு 14-வது. அஞ்சு பேர் இருக்கிற துறையில் 14-வது இடம் எப்போ வரும்? நாடு முழுக்கப் போராட்டம் வெடித்தது. 2019-ல் தனிச்சட்டம் வந்த பிறகுதான் மொத்த நிறுவனமும் ஒரே அலகு ஆச்சு.

சரி, உள்ளே போயாச்சு. அப்புறம்?

சென்னை ஐஐடியில் 2019-ல் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவர் விபின் வீட்டில். ஓபிசி. 2021 ஜூலையில், சாதிப் பாகுபாடுதான் காரணம்னு சொல்லி ராஜினாமா செய்தார். திரும்பி வந்தார். 2022 ஜனவரியில் மறுபடியும் ராஜினாமா!

அதே ஐஐடியின் கணிதப் பேராசிரியர் வசந்தா கந்தசாமி, பதவி உயர்வுக்காக நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அவருடைய துணிச்சலுக்காகத் தமிழ்நாடு அரசு 2006-ல் கல்பனா சாவ்லா விருது கொடுத்துப் பாராட்டியது. பாடம் நடத்த வந்தவங்க வழக்கும் நடத்தணும்னா, ஆராய்ச்சி எப்போ பண்றது?

ஒரு ஆசிரியர் வெளியேறினா போறது ஒரு வேலை மட்டுமில்ல. "நம்மள மாதிரி ஒருத்தர் அங்க இருக்கார்"னு நம்பி வந்த மாணவனோட தைரியமும் சேர்ந்து போகுது.

நாம கேட்கிறது நாலே விஷயம்:

✅ "தகுதியானவர் இல்லை"ன்னு இடத்தைக் காலியா விட்டா, காரணத்தை எழுத்தில் வெளியிடணும்.
✅ ஆய்வகம், ஆராய்ச்சி நிதி, ஆய்வு மாணவர் ஒதுக்கீட்டில் சமம்.
✅ பதவி உயர்வு விதிகள் எல்லாருக்கும் ஒண்ணா, வெளிப்படையா.
✅ புகாரை விசாரிக்கும் குழுவில் வெளியாட்களும், ஒடுக்கப்பட்ட சமூகத்தவரும்.

நீங்க செய்ய வேண்டியது என்ன? மீம் போடுங்க, வேண்டாங்கல. அதோட பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு ஆர்டிஐ மனுவும் போடுங்க. உங்க பக்கத்து அரசுக் கல்லூரி, பல்கலைக்கழகத்தில் ஒதுக்கீட்டு ஆசிரியர் இடம் எத்தனை? காலி எத்தனை? இதைப் பலரும் கேட்கிறாங்க. யாரும் கேட்காத கேள்வியையும் சேர்த்துக் கேளுங்க: "சேர்ந்த அஞ்சு வருஷத்துக்குள்ள விலகிப் போனவங்க எத்தனை பேர்?"

வர்ற பதிலை இங்கே கமெண்ட்ல பதிவிடுங்க. ஊர் ஊரா கணக்கைத் திரட்டுவோம். கணக்கு கையில இருந்தாத்தான் வாதத்துக்கு வலு!

#சமூகநீதி #கோவில்பட்டி